ஹாலில் ஒரு கம்ப்யூட்டர்

‘‘கேம் ஆடற கம்ப்யூட்டர்தானே? வாங்கித் தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். அது ஹால்லதான் இருக்கும்!’’

நான் இப்படிச் சொன்னதும் என் மனைவி கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். ‘பைத்தியக்காரரா, இல்லை கெட்டிக்காரரா’ என்று முடிவு செய்ய முடியாதபோது மனைவிமார்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

விஷயம் இதுதான். பையன் ப்ளஸ் டூ முடித்து இரண்டு தடவை நீட் எழுதினான். இரண்டாவது ரிசல்ட் 2025 ஜூனில் வந்தது. அன்றைக்கு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அப்புறம் ஒரு டிகிரி வகுப்பில் சேர்ந்தான், காலேஜுக்குப் போனான், வந்தான். கதவு மட்டும் சாத்தியபடியே இருந்தது. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலித் தட்டு வெளியே வரும். அவன் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். ‘ம்’களையும் சேர்த்துப் பதினொன்று.

உள்ளே என்ன செய்கிறான்? கொரோனா சமயம் ஆன்லைன் வகுப்புக்காக 2020-ல் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறான். அது கிழ மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. புதுசு வேண்டும் என்பதுதான் அந்த ஆறு மாதத்தில் அவன் வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம். ஆகவே நம்முடைய கண்டிஷன்.

‘‘ரம்மி கிம்மி ஆடி வீட்டை வித்துடப் போறான்’’ என்றாள் மனைவி. நியாயமான பயம். பேப்பரில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது என்று எடுத்துச் சொன்னேன். அதே சட்டம், இ-ஸ்போர்ட்ஸ் என்கிற போட்டி ஆட்டங்களை நிஜ விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். ‘‘இவன் ஆடறது எது?’’ என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஹாலில் வைத்தால் தெரிந்துவிடும் என்று சமாளித்தேன்.

பையன் ஒப்புக்கொண்டான். ‘‘ஹால்னா டிஸ்ப்ளேதான் முதல்ல முடிவு பண்ணணும்’’ என்றான். எண்ணிப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஐந்து வார்த்தை!

எங்கள் ஹாலுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். என் அப்பா. வயது 81. புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, கண்ணாடியை மாற்றிப் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வைக்கு நேர் நடுவில் ஒரு மங்கல், ஓரங்கள் தெரியும். ஆகவே 32 அங்குல டிவிக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகப் பார்ப்பார்.

பையன் கேட்டது 27 அங்குல மானிட்டர். விநாடிக்கு 165 படம் காட்டுமாம். ‘‘டிவியெல்லாம் ஸ்லோப்பா’’ என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. 1998-ல் நான் வாங்கிய பதினைந்து அங்குல மானிட்டரில் ‘டேவ்’ விளையாடியபோது ஸ்லோவாகவா இருந்தது? ஆனால் அவன் விளக்கிய பிறகு விஷயம் புரிந்தது. டிவி என்பது தன்னிடம் வருகிற படத்தை அப்படியே காட்டாது. பவுடர் பூசி, பொட்டு வைத்து, சிங்காரித்துத்தான் அனுப்பும். சினிமா பார்க்கிறவனுக்கு அந்தத் தாமதம் உறைக்காது. விளையாடுகிறவனுக்கு உறைக்கும். மணிக்கு 140 கிலோ மீட்டரில் வருகிற பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கு விநாடியை டிவியே சாப்பிட்டுவிட்டால், பந்து ஸ்டம்பைப் பெயர்த்த பிறகுதான் மட்டையைத் தூக்க வேண்டியிருக்கும்.

‘‘அப்ப டிவியே ஆகாதா? தாத்தா இருபத்தேழு இஞ்ச்சுல என்னத்தைப் பார்ப்பாரு?’’ என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், ‘‘கேம் மோடு இருக்கிற டிவி இருக்குப்பா. பார்த்து எடுக்கணும்’’ என்றான்.

பார்த்து எடுக்கக் கிளம்பினோம். கடைக்கு அவன் தன்னுடைய லேப்டாப்பும் ஒரு ஒயரும் எடுத்து வந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. புடைவைக் கடைக்கு இஞ்ச் டேப் எடுத்துப் போகிற மாதிரி. விற்பனைப் பையன் எங்களை ஒரு 55 அங்குல டிவி முன்னால் நிறுத்தி, ‘‘சார், நூத்திருபது சார்!’’ என்றார். திரையில் ஒரு கிளி. அந்தக் கிளியின் பச்சையைப் பார்த்தாலே கண் கூசியது. கடையில் எல்லா டிவியையும் இப்படித்தான் உச்சக்கட்ட வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் கிளி பாதி இளைத்துவிடும்.

‘‘பேனல் நூத்திருபதா, மோஷன் நூத்திருபதா?’’ என்றான் என் பையன்.

விற்பனைப் பையன் முகம் மாறியது. இங்கேதான் சூட்சுமம். சில டிவிகள் விநாடிக்கு 60 படம்தான் காட்டும். ஆனால் இரண்டு படத்துக்கு நடுவில் தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து சொருகிவிட்டு, ‘மோஷன் 120’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டுக்கொள்ளும். பாலில் தண்ணீர் கலந்து இரண்டு லிட்டர் என்று சொல்கிற கதைதான். அந்தச் சொருகல் வேலைக்கும் நேரம் பிடிப்பதால் கேமுக்கு இது இன்னும் மோசம். நிஜ 120 வேண்டுமென்றால் பேனலே 120 ஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். 4கே படத்தை அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ள ஹெச்.டி.எம்.ஐ. 2.1 துளையும் வேண்டும். 2.0 என்றால் 60-தான்.

அப்புறம் ஒயரை மாட்டினான். லேப்டாப்பிலும் டிவியிலும் ஒரே படம் தெரிகிற மாதிரி செய்து, ஸ்டாப் வாட்சை ஓட விட்டு, இரண்டையும் சேர்த்து செல்போனில் ஒரு படம் பிடித்தான். லேப்டாப்பில் ஓடிய எண்ணுக்கும் டிவியில் தெரிந்த எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி வித்தியாசம். கேம் மோடைப் போட்டு மறுபடி படம் பிடித்தான். வித்தியாசம் நூறில் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிட்டது. விற்பனைப் பையனே தன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். இவனுக்கு நீட்டில் பிசிக்ஸில்தான் மார்க் குறைந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

ஓ.எல்.இ.டி. டிவி ஒன்று அழகாக இருந்தது. கறுப்பு என்றால் அமாவாசைக் கறுப்பு. ஆனால் அதில் ஒரே படம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் நிழல் மாதிரி பதிந்துவிடும் அபாயம் உண்டு. அப்பா ஒரே செய்திச் சேனலை நாளுக்குப் பத்து மணி நேரம் பார்க்கிறவர். அந்தச் சேனல் சின்னம் கடைசிவரை பையனின் கார் பந்தயத்திலும் மூலையில் உட்கார்ந்திருக்கும். தவிர, எங்கள் ஹாலில் காலை வெயில் நேராகச் சுவரில் அடிக்கும். அதற்கு வெளிச்சம் கூடுதலாக உள்ள எல்.இ.டி.தான் சரி. விலையும் அதைத்தான் சொன்னது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் எனக்குக் கொஞ்சம் மிச்சம். மிச்சமாயிற்று என்று நினைத்தேன் என்பதே சரி.

ஏனென்றால் அடுத்து ராம் விலை கேட்டோம்.

2025 தீபாவளிக்கு முன் ஒரு விலை, 2026 பொங்கலுக்கு அதைப் போல மூன்று மடங்கு. தங்கம் கெட்டது! காரணம் கேட்டால், ஏ.ஐ. கம்ப்யூட்டர் கூடங்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போகின்றன. உலகத்தில் இந்தச் சிப்பைப் பெரிய அளவில் செய்கிறவர்களே சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்று பேர்தான். அதில் மைக்ரான், சில்லறையில் விற்கிற தன் ‘க்ரூஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் எவனோ ஏ.ஐ.யிடம் கல்யாணப் பத்திரிகை எழுதித் தரச் சொல்ல, புதுச்சேரியில் என் பர்ஸ் இளைக்கிறது.

பையன் ஒரு யோசனை சொன்னான். 2020 கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. குச்சி இரண்டு இருக்கிறது. ‘ஆன்லைன் கிளாஸுக்கு எதுக்குடா ரெண்டு?’ என்று அன்றைக்கு நான் சண்டை போட்ட அதே குச்சிகள். அவை டி.டி.ஆர். 4 ரகம். புதிய மதர்போர்டுகள் பெரும்பாலும் டி.டி.ஆர். 5, வெட்டுத் துளை வேறு இடத்தில் இருப்பதால் மாட்டவே மாட்டாது. ஆகவே ராமுக்கேற்ற மதர்போர்டு, அதற்கேற்ற பிராசஸர் என்று தலைகீழாகக் கணக்குப் போட்டான். பி550 போர்டு, 2022-ல் வந்த ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட். பித்தளைச் சொம்பு வீட்டில் இருக்கிறதே என்று அதற்கேற்ற பொண்ணு பார்த்த மாதிரி!

இவற்றை வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ஈ.சி.ஆர். வழியாகப் பஸ். நானும் அவனும் மட்டுமாக அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன். கடைசியாக நீட் பரீட்சை எழுதக் கூட்டிப்போன அன்றைக்கு. மரக்காணம் தாண்டுகிறவரை இரண்டு பேரும் உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தோம். அப்புறம் நான்தான், ‘‘அந்த கிராபிக்ஸ் கார்டுன்னா என்னடா?’’ என்று கேட்டேன். மகாபலிபுரம் வரை சொன்னான்.

சாதாரண ஹெச்.டி. திரையில் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே டிவியில் அதைப் போல நான்கு மடங்கு, ஏறக்குறைய 83 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று விநாடிக்கு 60 தடவையாவது கணக்குப் போட வேண்டும். அதைச் செய்கிற குமாஸ்தாதான் கிராபிக்ஸ் கார்டு. பெரிய டிவி என்று நான் பிடிவாதம் பிடித்ததால் குமாஸ்தாவுக்கு வேலை நாலு மடங்காகிவிட்டது. அத்தனையும் கணக்குப் போடுகிற கார்டுக்கு என் பி.எஃப். போதாது. நல்லவேளை, குறைந்த புள்ளிகளில் படத்தைப் போட்டு மிச்சத்தை யூகித்து நிரப்புகிற வித்தை வந்துவிட்டது. எட்டடி தூரத்து சோபாவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ‘‘டிவி யூகிச்சா தப்பு, கார்டு யூகிச்சா சரியா?’’ என்று மடக்கினேன். சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான்.

ஆர்.டி.எக்ஸ். 5060-ல் மெமரி 8 ஜி.பி.; ரேடியான் 9060 எக்ஸ்டியில் 16 ஜி.பி. ரகம் உண்டு, விலை கூட. பெரிய திரைக்கு மெமரி முக்கியம், நாலு வருஷம் ஓட்ட வேண்டும் என்று பையன் சொன்னதால் இரண்டாவதை எடுத்தோம். கேபினட்டோடு ஓசியில் வருகிற எஸ்.எம்.பி.எஸ். காலம் போச்சு, நல்லதாக 550 வாட்டில் தனியே ஒன்று. திரும்பி வருகிற பஸ்ஸில் கார்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கோவளம் தாண்டியும் எனக்குக் கண் மூடவில்லை. பையன்தான் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

வீட்டில் அடுத்த பிரச்னை, பெட்டியை எங்கே வைப்பது? மனைவி ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடியைச் சாத்தச் சொன்னாள், அசிங்கமாக இருக்கக் கூடாதென்று. விளையாடும்போது முந்நூறு வாட் வரை உஷ்ணம் கக்குகிற சாமான். உள்ளே வைத்துச் சாத்தினால் கார்டு இட்லி மாதிரி வெந்துவிடும். சரி, தரையில்? 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலை மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு எங்கள் ஹாலில் முழங்கால் தண்ணீர். அப்பாவைக் கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தரை கிடையாது. கடைசியில் டிவிக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் கடப்பாக்கல் ஷெல்ஃப் அடித்தோம். நாலு பக்கமும் காற்று.

காற்று என்றால் எங்கள் ஊரில் உப்புக் காற்று. ஜன்னல் கம்பியை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற ஊரில் மதர்போர்டு எம்மாத்திரம்? ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு களிம்பு ஏறும். பழைய ராம் குச்சிகளின் தங்கக் கால்கள் மங்கிப்போய்த்தான் இருந்தன. பையன் ஸ்கூல் அழி ரப்பரால் பதமாகத் தேய்த்து எடுத்தான். கேபினட்டில் காற்று உள்ளே வருகிற பக்கம் தூசி வலை, பெரிய 140 மில்லி மீட்டர் விசிறிகள். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று, சத்தம் குறைவு. தாத்தா ஹாலில்தான் தூங்குகிறார் என்று அவன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தது எனக்குத் தொண்டையை அடைத்தது. அவருக்குத்தான் காது கேட்காதே என்பது எங்கள் இருவருக்குமே அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கரன்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தான். வீட்டிலிருக்கிற பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒத்துப்போகாமல் போகலாமாம். சைன் வேவ் யு.பி.எஸ். ஒன்று, 600 வாட் தாங்குகிறது, தனியாக வந்தது. பில்லை மனைவியிடம் நான் காட்டவில்லை.

கீ போர்டு ஓசியில் கிடைத்தது. எதிர் வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர், ‘‘எம் பையன் பிரான்ஸ்லேருந்து கொண்டாந்தது, சும்மா கிடக்குது தம்பி’’ என்று கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ, டபிள்யூ இடத்தில் இசட். உலகமெல்லாம் டபிள்யூ, ஏ, எஸ், டி என்று விரல் வைத்து கேமில் நடக்க, பிரான்ஸில் இசட், க்யூ, எஸ், டி என்று நடக்கிறார்கள். பையனுக்குக் கவலையில்லை, அவன் விரல் பார்க்காமலே நடக்கிறது. என் மனைவிதான் ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று பாஸ்வேர்டு அடித்துப் பார்த்தாள். க்யூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, க்யூ என்று வந்தது. இந்தப் பாஸ்வேர்டை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் நாள் ராத்திரி. பையன் ஃபுட்பால் கேம் போட்டான். அப்பா வழக்கம் போல நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்தார். அப்புறம் கொஞ்சம் பின்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம். சோபா வரைக்கும் வந்துவிட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தபடி, ‘‘பந்து எவன்கிட்டடா கீது?’’ என்றார்.

‘‘என்கிட்ட தாத்தா!’’

‘‘இன்னா?’’

‘‘என்கிட்ட! சேப்பு சட்டை! இடது பக்கம் போறேன்! பாஸ் குடுத்துட்டேன்! திருப்பி வாங்கிட்டேன்!’’

ஒன்பது மணி வரைக்கும் இந்தக் கூத்து. தெருவே கேட்டிருக்கும். வார்த்தைகளை எண்ணுவதை நான் இருநூறோடு விட்டுவிட்டேன். மனைவி வந்து ‘‘கொஞ்சம் மெதுவாத்தான் பேசேண்டா’’ என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நாள் ஆகியிருக்கும். அப்பா பாத்ரூம் போகிற வழியில் ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையைக் கேபினட்டின் மேல் வைத்தார். அப்படியே இரண்டு நிமிஷம். தறியில் கை வைத்துப் பார்த்துப் பழகிய கை.

‘‘டேய், பின்னாடி விசிறில பேரிங் தேயுது.’’

‘‘புதுசு தாத்தா! சத்தமே வரலை!’’

‘‘சத்தம் எனக்கு எங்கடா கேட்டுது? கை சொல்லுது.’’

பையன் கழற்றி விரலால் சுழற்றிப் பார்த்தான். லேசாக, மிக லேசாக, ஓர் இடத்தில் தட்டியது. வாரன்ட்டி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், ஒரிஜினல் டப்பாவோடு கொண்டுபோனால் பேச்சில்லாமல் தருவார்கள் என்றான். ‘‘டப்பாவையெல்லாம் எங்கே வெச்சே?’’ என்று மனைவியிடம் கேட்டேன்.

‘‘அந்த அட்டைப் பெட்டிங்களா? நேத்துதான் பழைய பேப்பர்காரன் வந்தான். எல்லாம் சேர்த்து நாப்பது ரூபா குடுத்தாங்க!’’ என்றாள் பெருமையாக.

பேப்பர்காரர் சைக்கிளில் முத்தியால்பேட்டைப் பக்கம் போனதாக எதிர் வீட்டுப் பெரியவர் சொன்னார். பையன் ஸ்கூட்டரை எடுத்துவிட்டான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.